பொம்மை ரெயில் செய்த கியெமோன்

ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் ஒரு எஞ்சின். இரண்டொரு வண்டிகள். வளைந்த தண்டவாளத் துண்டுகள் சில. துண்டுகளை ஒன்றோடு ஒன்று மாட்டினால் வட்டமாகிவிடும். அதன் மேல் எஞ்சினை வைத்தால், சுற்றிச் சுற்றி வரும்.

ரெயில் விளையாட்டு ஆரம்பிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் முதல் பெட்டி இதுதான்.

ஜப்பானில் 1959-ம் ஆண்டு இப்படி ஒரு பெட்டி கடைகளுக்கு வந்தது. பிற்காலத்தில் டோமி என்று பெயர் பெற்ற பொம்மைக் கம்பெனி அதைச் செய்தது. தண்டவாளம் நீல நிற பிளாஸ்டிக். ரெயிலைக் கையால் தள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளில் பாட்டரியால் ஓடும் ரெயிலும் வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் ஜப்பானில் உண்டு. அட்டை கிழியாமல் கிடைத்துவிட்டால் அவர்களுக்குத் தலைகால் புரியாது. அவர்கள் சிறு பிள்ளைகள் அல்ல, நரைத்த தலைக்காரர்கள்!

ஆனால், அவர்களுக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத பொம்மை ரெயில் ஒன்று இருக்கிறது. அது 1855-ம் ஆண்டில் செய்தது. ஜப்பானியர் தங்கள் கையாலேயே செய்து ஓட்டிய முதல் ரெயில் அதுதான்.

அதைச் செய்தவர்களில் ஒருவரும் நிஜ ரெயிலைக் கண்ணால் கண்டதில்லை. எப்படிக் காண்பார்கள்? அப்போது ஜப்பான் நாட்டிலேயே ரெயில் கிடையாது!

அந்த வேலைக்கு நடுநாயகமாக இருந்தவர் தனாகா ஹிசாஷிகே. ஊரார் அவருக்கு வைத்த பெயர் பொம்மைக்கார கியெமோன்.

திறக்க முடியாத பெட்டி

ஜப்பானின் தென்கோடியில் கியூஷு என்ற பெரிய தீவு இருக்கிறது. அங்கே குருமே என்று ஓர் ஊர். அந்த ஊரில் 1799-ம் ஆண்டு கியெமோன் பிறந்தான். தகப்பனார் ஆமை ஓட்டில் வேலை செய்யும் கைவினைஞர். ஆமை ஓட்டை அறுத்து, இழைத்து, பளபளப்பாக்குவது எளிதான வேலை அல்ல. கை சற்றுத் தவறினாலும் ஓடு உடைந்துவிடும். மகன் அந்தப் பட்டறையிலேயே வளர்ந்தான். அரமும் உளியும் அவனுக்கு விளையாட்டுச் சாமான்கள்.

அவனுக்கு ஒன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி கொண்டு போனான். மையும் தூரிகையும் வைக்கும் சாதாரணப் பெட்டி போலத்தான் இருந்தது. ஆனால் மற்றப் பிள்ளைகள் என்ன செய்தும் திறக்க முடியவில்லை. இழுத்தார்கள், தட்டினார்கள். பெட்டி அசையவில்லை. கியெமோன் கையில் வாங்கினான். பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை ஒரு விதமாகத் திருகினான். திறந்துகொண்டது! உள்ளே பூட்டை மறைத்து வைத்திருந்தான் பையன்.

அதே ஊரில் இனோவே டென் என்று ஒரு பெண் இருந்தார். வெளுத்துப்போன பழந்துணியில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதைச் சிறு வயதிலேயே கவனித்து, நூலைக் கட்டிச் சாயம் போட்டுப் புள்ளித் துணி நெய்யும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். குருமே துணி என்று இன்றைக்கும் அதற்கு ஜப்பானில் நல்ல பெயர். புள்ளி வந்துவிட்டது, படம் வரவில்லையே என்பது அவருடைய கவலை. தன்னை விடப் பத்து வயதுக்கு மேல் இளையவனான கியெமோனிடம் யோசனை கேட்டார். பையனுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிறையவில்லை. தறியில் அவன் செய்து கொடுத்த மாற்றத்தால் துணியில் படம் விழுந்தது.

வில் வளைத்த பொம்மை

அந்தக் காலத்தில் ஜப்பானியருக்கு எந்திர பொம்மை என்றால் உயிர். தேநீர்க் கோப்பையை ஏந்திக்கொண்டு விருந்தாளியிடம் போய், கோப்பையை அவர் எடுத்ததும் நின்றுவிடும் பொம்மை பணக்காரர் வீடுகளில் இருந்தது. குருமே ஊர்க் கோவில் திருவிழாவில் கியெமோன் தன் பொம்மைகளை ஆடவிட்டார். கூட்டம் அலைமோதியது. பொம்மைக்கார கியெமோன் என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான்.

அவருடைய பொம்மைகளில் பேர் போனது வில் எடுக்கும் சிறுவன். பொம்மைச் சிறுவன் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் உள்ள அம்பில் ஒன்றைக் கையால் எடுப்பான். வில்லில் பூட்டுவான். தலையைச் சற்றுத் திருப்பிக் குறி பார்ப்பான். விடுவான். அம்பு இலக்கில் தைக்கும். உள்ளே இருப்பவை நூல்களும், மேடு பள்ளமாக வெட்டிய சக்கரங்களும், சாவி கொடுக்கும் சுருள்வில்லும் மட்டுமே.

அம்புகளில் ஒன்று மாத்திரம் குறி தவறும். செய்தவரின் பிழை அல்ல. வேண்டுமென்றே அப்படி அமைத்தார்! எல்லா அம்பும் தைத்தால் அது எந்திரம்; ஒன்று தவறினால்தான் பையன். பார்க்கிறவர்களும் ஐயோ என்று உச்சுக்கொட்டுவார்கள். அடுத்த அம்பு தைக்கும்போது கைதட்டுவார்கள். ஜனங்களின் மனசை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தவர் கூத்தாடியாகவே காலம் தள்ளியிருந்தாலும் நன்றாகப் பிழைத்திருப்பார்.

தகப்பன் தொழிலைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, கியெமோன் பொம்மைகளோடு ஊர் ஊராகப் போனார். ஒசாகா, கியோட்டோ, தலைநகரமான எடோ (இன்றைய டோக்கியோ) எல்லாம் பார்த்தார்.

தீயும் விளக்கும்

1834-ம் ஆண்டு குடும்பத்தோடு ஒசாகாவில் குடியேறினார். வயது முப்பத்தைந்து. பொம்மை வேடிக்கை மட்டும் குடும்பத்துக்குச் சோறு போடாது. சட்டைக்குள் மடித்து வைத்துக்கொள்ளும்படியான மெழுகுவத்தித் தாங்கி ஒன்று செய்து விற்றார். நன்றாக விலை போயிற்று.

மூன்று ஆண்டுகளில் பேரிடி விழுந்தது. நாட்டில் பஞ்சம். ஏழைகளுக்கு அரிசி இல்லை. முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவர் தலைமையில் ஒசாகாவில் கலகம் மூண்டது. கலகத்தில் பிடித்த தீ, நகரத்தின் ஒரு பகுதியைப் பொசுக்கியது. கியெமோன் வீடும் போயிற்று.

கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஃபுஷிமிக்குப் போய் மறுபடியும் ஆரம்பித்தார். அங்கே அவர் செய்த விளக்கு நாடெங்கும் பேர் வாங்கியது. சாதாரண விளக்கில் திரி தானே எண்ணெயை உறிஞ்ச வேண்டும். எண்ணெய் குறையக் குறைய வெளிச்சம் மங்கும். கியெமோனுடைய விளக்கில் காற்றை அழுத்தி அடைத்து, அந்த அழுத்தத்தால் எண்ணெயை மேலே ஏற்றினார். வெளிச்சம் மங்காமல் நெடுநேரம் எரிந்தது. வியாபாரிகள் இரவிலும் கணக்கு எழுத முடிந்தது. தீயை அணைக்கும் நீர்ப்பம்பு ஒன்றும் செய்தார்.

ஆயிரம் உறுப்புக் கடிகாரம்

ஐம்பது வயதை நெருங்கும்போது வான சாஸ்திரம் படிக்கப் போனார். கியோட்டோவில் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தாரிடம் மாணவராகச் சேர்ந்தார். எதற்கு? ஒரு கடிகாரம் செய்வதற்கு!

அந்தக் காலத்து ஜப்பானில் மணி கணக்கிடும் முறை விசித்திரமானது. சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை ஆறு பங்கு. அஸ்தமனம் முதல் உதயம் வரை ஆறு பங்கு. ஆகவே, கோடையில் பகல் மணி நீளம். குளிர்காலத்தில் பகல் மணி குட்டை. கடிகாரம் வைத்திருந்தவர்கள் பருவத்துக்குப் பருவம் அதைக் கையால் மாற்றி வைக்க வேண்டும்.

கியெமோன் 1851-ம் ஆண்டு செய்து முடித்த கடிகாரத்துக்குக் கை வைக்க வேண்டியதே இல்லை. மணிக்குறிகள் தாமாகவே பருவத்துக்கு ஏற்ப நெருங்கும், விலகும். அதற்கு ஆறு முகங்கள். ஒன்றில் ஜப்பானிய மணி. ஒன்றில் மேல்நாட்டு மணி. மற்றவற்றில் கிழமை, நாள், பருவம், சந்திரனின் வளர்பிறை தேய்பிறை. உச்சியில் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஜப்பான் தேசப் படத்துக்கு மேலே சூரியனும் சந்திரனும் உலா வரும். ஒரு தடவை சாவி கொடுத்தால் ஒரு வருஷம் ஓட வேண்டும் என்பது அவர் திட்டம். உறுப்புகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றைப் பட்டறையில் அரத்தால் ராவி ராவிச் செய்தார்.

2004-ம் ஆண்டில் சுமார் நூறு என்ஜினீயர்கள் சேர்ந்து இந்தக் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி ஒன்று செய்ய முயன்றார்கள். பிரதி தயாராயிற்று. 2005-ம் ஆண்டு ஐச்சி கண்காட்சியில் அதை வைத்தார்கள். ஆனால், பழைய கைவேலை அத்தனையையும் அப்படியே கொண்டுவருவதற்குள் அவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அசல் கடிகாரம் டோக்கியோவில் உயனோ விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது.

கறுப்புக் கப்பல்கள்

இதோடு கதை முடிந்திருந்தால் கியெமோன் ஒரு கெட்டிக்காரக் கடிகாரக்காரர், அவ்வளவுதான். ஆனால் காலம் அவரைச் சும்மா விடவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பான் தன் கதவைச் சாத்தி வைத்திருந்தது. ஐரோப்பியரில் டச்சுக்காரர் மட்டும் நாகசாகி துறைமுகத்தில் வியாபாரம் செய்யலாம். அந்தத் துறைமுகத்துக்குக் காவல் காக்கும் பொறுப்பு இரண்டு சமஸ்தானங்களுக்கு. அவற்றில் ஒன்று சாகா.

1808-ம் ஆண்டு டச்சுக் கொடியைக் கட்டிக்கொண்டு ஓர் ஆங்கிலேயப் போர்க்கப்பல் நாகசாகிக்குள் புகுந்துவிட்டது. சாகா சமஸ்தானம் செலவைக் குறைப்பதற்காகக் காவல் வீரர்களைக் குறைத்து வைத்திருந்த நேரம். தடுக்க ஆள் இல்லை. மானம் போயிற்று. தண்டனையும் கிடைத்தது. அந்தச் சூட்டை சாகா மறக்கவில்லை.

பிறகு பட்டத்துக்கு வந்த நபேஷிமா நவோமசா என்ற பிரபு, மேல்நாட்டான் பீரங்கிக்கு மேல்நாட்டு வித்தையாலேயே பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். டச்சுப் புத்தகத்தைப் பார்த்தே இரும்பை உருக்கும் உலை கட்டினார்கள். பீரங்கி வார்த்தார்கள். 1852-ம் ஆண்டு விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஒரு தனி இலாகாவே ஏற்பட்டது.

அந்த இலாகாவுக்கு ஆள் தேடிப் போனவர் சானோ ட்சுனேதாமி. பின்னாளில் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் இவரே. கியோட்டோவில் டச்சு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த பள்ளியில் இவரும் படித்திருந்தார். ஐம்பது வயது தாண்டிய கியெமோனும் அங்கே பாடம் கேட்டார். அங்கிருந்து நால்வரை சாகாவுக்கு அழைத்தார் சானோ. ரசாயனம் தெரிந்தவர் ஒருவர். டச்சு மொழி தெரிந்தவர் ஒருவர். மற்ற இருவர் கியெமோனும், இரண்டாம் கியெமோன் என்று தகப்பன் பெயரையே தாங்கிய மகனும்.

வேறு ஊர்க்காரர்களை ரகசிய வேலையில் சேர்ப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். சாகா அதைச் செய்தது. அவசரம் அப்படி!

தோட்டத்தில் ஓடிய ரெயில்

1853-ம் ஆண்டு ருஷியக் கப்பற்படை நாகசாகிக்கு வந்தது. கப்பலுக்குள் ருஷியர்கள் ஒரு வேடிக்கை காட்டினார்கள். சிறு தண்டவாளத்தில் சிறு நீராவி ரெயில்! எரிசாராயத் தீயில் தண்ணீர் கொதிக்க, அது தானாக ஓடியது. பார்த்துவிட்டு வந்த ஜப்பானியர்களில் சாகா சமஸ்தானத்தாரும் உண்டு. கண்டதை வந்து பட்டறையில் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கத் தளபதி பெரி இன்னொரு ரெயிலை யோகோஹாமாவில் இறக்கினார். அது ஷோகனுக்குப் பரிசு. நிஜ ரெயிலில் கால் பங்கு அளவு. பிலடெல்பியா தொழிற்சாலையில் செய்தது. வண்டிக்குள் ஆள் உட்கார இடமில்லை. ஆனாலும் ஜப்பானிய அதிகாரி ஒருவர் விடவில்லை. கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்! மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தில் ரெயில் வட்டமிட, அவருடைய அங்கி காற்றில் பறந்தது.

யோகோஹாமா ரெயில் அமெரிக்கர் கொடுத்தது. சாகாவில் நடந்ததோ வேறு. அங்கே தொழிற்சாலை இல்லை. கண்டவர் சொல் இருந்தது. டச்சுப் புத்தகத்தில் படம் இருந்தது. மொழி தெரிந்தவர் படித்துச் சொன்னார். ரசாயனக்காரர் யோசனை சொன்னார். கியெமோனும் மகனும் பித்தளையை வெட்டினார்கள்.

நீராவி எந்திரத்தின் தத்துவம் கேட்பதற்குச் சுலபம். தண்ணீர் கொதித்தால் நீராவி. நீராவிக்கு இடம் போதாது, முட்டும். ஒரு குழாய்க்குள் அடைத்த தண்டை அது தள்ளும். தண்டு சக்கரத்தைத் திருப்பும். ஆனால் செய்து பார்த்தால் தெரியும் சங்கடம். ஒட்டு சரியில்லை என்றால் ஆவி ஒழுகும். தண்டு இறுகினால் நகராது; தளர்ந்தால் ஆவி பக்கத்தில் தப்பிவிடும். தலைமுடி அளவு வித்தியாசத்தில் காரியம் கெடும். அரத்தாலேயே ஆயிரம் உறுப்பு ராவிய கை இல்லாவிட்டால் அந்த எஞ்சின் ஒரு முழம்கூட நகர்ந்திருக்காது.

1855-ம் ஆண்டு, பிரபுவின் முன்னிலையில் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். எரிசாராயத்தை மூட்டினார்கள். தண்ணீர் சூடேறும் வரை காத்திருந்தார்கள். ஆவி வந்தது. சக்கரம் அசைந்தது. ரெயில் ஓடியது!

அப்போது கியெமோனுக்கு ஐம்பத்தாறு வயது.

அந்தக் காட்சியைப் பிற்காலத்தில் ஓர் ஓவியர் படமாக வரைந்திருக்கிறார். சாகா இளைஞரான ஒகுமா ஷிகெனோபு அந்தச் சின்ன ரெயிலைப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். அவருக்கு அன்று பதினேழு வயது இருக்கும். பின்பு அரசாங்கத்தில் பெரிய பதவிக்கு வந்து, ரெயில் வேண்டும் என்று போராடியவர்களில் அவர் முக்கியமானவர்.

நாகசாகியில் ஒரு கொலை

பொம்மை ரெயிலோடு பொம்மைக் கப்பல்களும் செய்திருந்தார்கள். அவையும் நீராவியில் ஓடின. பிரபுவுக்கு வேண்டியது அதுதான். தண்டவாளம் போடப் பணமில்லை. கப்பல் உடனே தேவை. தகப்பனும் மகனும் பெரிய பாய்லர் செய்யும் வேலையில் இறங்கினார்கள். பொம்மையில் நாழி அளவு தண்ணீர். கப்பலில் அண்டா அண்டாவாகத் தண்ணீர். பொம்மை பாய்லர் வெடித்தால் கை சுடும். கப்பல் பாய்லர் வெடித்தால் உயிர் போகும்.

மகன் தகப்பனுக்கு வலது கையாக இருந்தார். வயசான பிறகு பட்டறையை யாரிடம் விடுவது என்ற கவலை கியெமோனுக்கு இல்லை. மகனுக்கும் ஒரு மகன் பிறந்து வளர்ந்து, அவனும் அரம் பிடிக்கத் தொடங்கிவிட்டான்.

1864-ம் ஆண்டு மகனும் பேரனும் வேலையாக நாகசாகியில் இருந்தார்கள். கூட வேலை செய்த சாகா வீரர் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. வாளை உருவி இருவரையும் வெட்டிக் கொன்றுவிட்டார்.

ஒரே நாளில் மகனும் இல்லை, பேரனும் இல்லை. அறுபத்தைந்து வயதுக் கிழவர் தனியே நின்றார்.

அந்தத் துயரத்தில் அவர் என்ன செய்தார்? வேலைக்குப் போனார். அடுத்த ஆண்டு, 1865-ல், சாகாவின் மியேட்சு துறையில் ரியோஃபுமாரு என்ற நீராவிக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. ஜப்பானியர் தாமே கட்டி உபயோகத்துக்குக் கொண்டுவந்த முதல் நீராவிக் கப்பல் என்று அதைச் சொல்வார்கள். மகனோடு தொடங்கிய வேலையை மகன் இல்லாமல் முடித்தார் கியெமோன். மியேட்சு துறை இருந்த இடம் 2015-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்ந்தது.

பிறந்த ஊரான குருமே சமஸ்தானமும் அவரை அழைத்துக்கொண்டது. பொம்மைக்காரன் என்று ஒரு காலத்தில் கைதட்டிய ஊருக்கு, இப்போது பீரங்கி செய்து கொடுத்தார்.

எழுபத்தைந்து வயதில் கடை திறப்பு

1868-ல் ஷோகன் ஆட்சி போயிற்று. 1871-ல் சமஸ்தானங்களும் போயின. கிழவருக்குச் சம்பளம் கொடுத்த பிரபுக்கள் இல்லை. 1872-ம் ஆண்டு அக்டோபர் மாதம் டோக்கியோவில் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே நிஜ ரெயில் ஓடத் தொடங்கியது. தூரம் 29 கிலோமீட்டர். முதல் எஞ்சின்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. சாகா தோட்டத்தில் பொம்மை ஓடிப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

1873-ம் ஆண்டு ஜனவரி முதல் அரசாங்கம் மேல்நாட்டு மணியையே சட்டமாக்கிவிட்டது. நீளும், குறுகும் பழைய மணி ஒழிந்தது. கியெமோன் உயிரைக் கொடுத்துச் செய்த கடிகாரத்தின் மிகப் பெரிய விந்தைக்கு ஒரு நாளில் வேலை இல்லாமல் போயிற்று! நல்லவேளை, மேல்நாட்டு மணிக்கும் ஒரு முகத்தை அவர் முன்னமே வைத்திருந்தார்.

அதே ஆண்டு அரசாங்கம் அவரை டோக்கியோவுக்கு அழைத்தது. தந்தி எந்திரம் செய்ய வேண்டும். மேல்நாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. எழுபதைத் தாண்டியவர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார். கம்பி வழியே சேதி போகும் வித்தையைப் புதிதாகக் கற்று, கருவிகளைச் செய்து கொடுத்தார்.

1875-ம் ஆண்டு ஜூலை மாதம் கின்சா வீதியில் சொந்தக் கடை திறந்தார். எந்த எந்திரம் வேண்டுமானாலும் யோசித்துச் செய்து தரப்படும் என்ற பொருளில் விளம்பரம் வைத்தார். ஷிம்பாஷி ரெயில் நிலையம் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். கடையில் தந்திக் கருவிக்கு அரம் போடும்போது, யோகோஹாமாவிலிருந்து வரும் ரெயிலின் ஊதல் சத்தம் கேட்காமலா இருந்திருக்கும்?

1881-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, எண்பத்திரண்டாவது வயதில் கியெமோன் காலமானார். இறந்துபோன மகனுக்குப் பதிலாக அவர் தத்து எடுத்து, ஹிசாஷிகே என்ற பெயரையும் கொடுத்திருந்த வாரிசு தொழிலை நடத்தினார். 1882-ம் ஆண்டு பட்டறை ஷிபாவுரா என்ற இடத்துக்கு மாறிப் பெரிய தொழிற்சாலையாயிற்று. 1939-ல் டோக்கியோ மின்சாரக் கம்பெனியோடு இணைந்தது. டோக்கியோவில் ஒரு பாதி, ஷிபாவுராவில் ஒரு பாதி சேர்ந்த பெயர்தான் தோஷிபா. அந்தக் கம்பெனி, மின்சார விளக்கும் ரேடியோவும் செய்ததோடு, நிஜத் தண்டவாளத்தில் ஓடும் மின்சார ரெயில் எஞ்சின்களும் செய்தது.

சாகாவில் ஓடிய சின்ன எஞ்சின் உருக்குலையாமல் சாகா நகரத்திலேயே இருக்கிறது. பித்தளை கறுத்திருக்கிறது. பாய்லரும் புகைபோக்கியும் சக்கரங்களும் அப்படியே இருக்கின்றன.